வலது பக்கம் இழுக்கும் வண்டி

போன வாரம் நான் செத்திருக்க வேண்டியவன்.

நாமக்கல் ரோடு. எதிரே லாரி. ஹாண்டிலை நான் திருப்பவே இல்லை. மோட்டார் சைக்கிள் அதுபாட்டுக்கு வலது பக்கம், நடுரோட்டுக்குப் போகிறது! லாரி டிரைவர் ஒடித்துத் திருப்பி, ஒரு புளியமரத்தில் மோதாமல் எப்படியோ நிறுத்தினார். இறங்கி வந்து கத்தினார்:

“யோவ், ஊட்ல சொல்லிப்போட்டு வந்தியா?”

எல்லா டிரைவர்களும் கேட்கிற கேள்விதான். ஆனால், சொல்வதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? என் மனைவி ஆரோக்கியம் இறந்து நாலு மாதம் ஆகிறது.

விஷயம் எப்படியோ திருச்செங்கோட்டில் இருக்கும் என் மகள் ஸ்டெல்லாவுக்குப் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்து நின்றாள்.

“அம்மாவும் போயிட்டாங்க. நீங்களும் போயிட்டா நான் யாருகிட்டங்கப்பா வருவேன்? ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி சரியாகோணும். இல்லீன்னா வித்துப்போடலாம்.”

விற்பதா? சர்ச்சுக்கு, சந்தைக்கு, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு... ஆரோக்கியம் என்னோடு போன இடமெல்லாம் இந்த வண்டியில்தான். அவள் ஞாபகமாக வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது. அதில் அவள் முறைத்துக்கொண்டிருக்கிறாள். வண்டியை விற்றுவிட்டு அந்த முறைப்பை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அம்மாபேட்டை மாணிக்கத்தின் ஷெட்டுக்குப் போனேன். எங்கள் வண்டிக்கு வாங்கிய நாளிலிருந்து அவர்தான் மெக்கானிக். முன் சக்கரத்தைத் தூக்கிக் கட்டை கொடுத்து, ஹாண்டிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினார். ஹாண்டில் திரும்புகிற கழுத்திலுள்ள பால்ரஸைக் கழற்றி கிரீஸ் வைத்தார். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாக முறுக்கினார். செயின் தொய்வை எடுத்தார். பக்கத்துத் தறிக்காரரிடம் நூல் வாங்கி, பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை இழுத்துப் பிடித்தார். இரண்டும் ஒரே கோடு!

எல்லாம் முடித்து ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். “ஏனுங்க சார், நானு ஓட்டுனா நேராத்தானுங்க போவுது!”

நான் ஓட்டினேன். வலது பக்கம் போனது.

மாணிக்கம் தலையைச் சொறிந்தார். பின் சக்கரத்தின் இடது பக்கம் ஒரு கம்பி வலை உண்டு. ஆரோக்கியத்தின் சேலை சிக்காமல் இருக்க அவரே செய்து மாட்டிக் கொடுத்தது. அதைத் தட்டிப் பார்த்தார்.

“இது இனி எதுக்குங்க சார்? கழட்டிப்போடட்டுங்களா?”

“கை வெச்சே... பாரு!” என்று கத்திவிட்டேன். ஷெட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாணிக்கம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தார். பாவம், அவர் மேல் என்ன தப்பு?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசைக்குப் போய்விட்டு அப்படியே கல்லறைக்கும் போகவேண்டும். ஸ்டெல்லா நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அம்மா மாதிரியே இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு, பின்னால் உட்கார்ந்தாள்.

வண்டி நேராகப் போனது.

நேர் என்றால் அப்படி ஒரு நேர்! மாணிக்கம் நூல் பிடித்த மாதிரி. பின்னால் என் மகளுக்கு ஒரே சந்தோஷம்.

“சரியாப் போச்சுங்கப்பா! மாணிக்கண்ணன் கைராசியே தனிங்கப்பா! விக்க வேண்டாம், நீங்களே ஓட்டுங்க!”

எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் இடது பக்கமே ஓர் ஆள் பாரம். அதைச் சரிக்கட்ட, நான் வலது பக்கம் சாய்ந்தே ஓட்டிப் பழகியிருக்கிறேன். அந்த ஆள் போய்விட்டாள். சாய்வு போகவில்லை. பால்ரஸில் என்ன தேடினாலும் எப்படிக் கிடைக்கும்?

திங்கட்கிழமை ஸ்டெல்லாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, நிமிர்ந்து நேராக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் ஒழுங்காக வந்தது. ‘கறிவேப்பிலை வாங்கினீங்களா’ என்று பின்னாலிருந்து ஆரோக்கியம் கேட்கிற இடம் ஒன்று உண்டு — மார்க்கெட் முனை. அதைத் தாண்டும்போது மனசு எங்கேயோ போனது. உடம்பு பழையபடி சாய்ந்தது. எதிரே ஒரு லாரி, காதைக் கிழிக்கிற ஹார்ன்...

இறங்கிவிட்டேன். வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டேதான் வந்தேன். அதற்கப்புறம் அதை எடுக்கவில்லை. காலையில் துடைக்கிறேன், செயினுக்கு எண்ணெய் விடுகிறேன். அந்தக் கம்பி வலைக்கும்தான்.

ஸ்டெல்லா இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. நீங்களும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.