மூன்று நாள் பூட்டியிருந்த அலமாரி

1961 செப்டம்பர் 21, வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணி. திருச்சியில் நான் இலக்கியம் படித்த பெண்கள் கல்லூரியின் நூலகத்தில், அதன் பொறுப்பாளரான கன்னியாஸ்திரீயின் மேசைமுன் நின்றேன். மாணவ உதவியாளரான என்னிடம் பாடநூல் அலமாரியின் ஒரே சாவி இருந்தது. அந்தப் பணிக்காகத்தான் எனக்குக் கட்டணம் தள்ளுபடி. அது போனால் படிப்பும் போகும். நான் வராத மூன்று நாட்களும் அலமாரி திறக்கப்படவில்லை. தேர்வோ மறுவாரம்.

“காய்ச்சல், மதர்” என்றேன்.

“உனக்கா, சாவிக்கா?”

பக்கத்து மேசையில் அட்டை எழுதிக்கொண்டிருந்த சீனியர் சிரித்தாள். “ஸ்ரீரங்கத்துக் காய்ச்சல், மதர். மாசம் தவறாம வரும். சரியா மூணே நாள்.”

மதர் சிரிக்கவில்லை. “சாக்கைக் கேட்டாச்சு. காரணத்தை எழுதி நாளைக்குக் காலைல குடும்மா.”

காரணம் எளியது. மாதவிலக்கு நாட்களில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் கொல்லைப்புற அறையில் தனித்திருப்போம். நாங்கள் தொட்ட பொருளை எவரும் தொடமாட்டார்கள். சாவி என் பையில் கிடந்தது. மாலையில் இதைத்தான் எழுதினேன். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனால் எதிலும் என் தவறு இல்லை; அது எனக்கே உறுத்தியது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“சாவியைக் கீழ வெச்சிருந்தா, ஜலத்தைத் தெளிச்சு உங்கண்ணாகிட்டக் குடுத்தனுப்பியிருப்பேனே. நீ வாயைத் திறந்தாத்தானேடீ!”

அண்ணா கல்லூரி வாசலில் சாவியை நீட்டினால் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று கூசியிருந்தேன். அறையில் என்னை வைத்தது வழக்கம். சாவியை என்னோடு வைத்துக்கொண்டது நான்.

“அடுத்த மாசம் அப்படியே பண்ணலாமா?”

“அவன்தான் வேலைக்கு மெட்ராஸ் போறானே. அப்பாகிட்டக் குடுத்தனுப்ப முடியுமோ?”

“அப்போ நானே காலேஜுக்குப் போறேன்.”

“அந்த நாள்லயா? மெதுவாப் பேசு. அப்பா ஆத்துலதான் இருக்கார்.”

முதல் தாளைக் கிழித்துவிட்டு நான்கே வரிகள் எழுதினேன். மூன்று நாட்கள் விலகியிருந்தேன். சாவியை அனுப்ப வழி இருந்தது. வெட்கத்தால் கேட்கவில்லை. அடுத்த மாதம் அந்த வழியும் இராது.

மறுநாள் காலை அந்தத் தாளையும் சாவியையும் மதரின் மேசைமேல் வைத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.