விடாத கை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை, உண்மைதானே. மழை விடாமல் பெய்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் போய்ப் போய்ப் பார்ப்பேன். கீழே பள்ளத்தாக்கில் லெம்பா பெர்த்தாம் ஊருக்குள் வெள்ளச் சேறு புகுந்த வருடம் என் அக்கா குடும்பம் கூரைமேல் ஏறி உட்கார்ந்து உயிர் பிழைத்தது. அதிலிருந்து மழைக்காலம் முழுக்க செருப்பைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுக்கிறேன். பிரிஞ்சாங் ஊருக்குப் போகிற மலை வளைவில் சுற்றுலாப் பேருந்து எதிரே வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். நல்லவேளை, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது என் கணவர்.

அவர் எனக்கு நேர்மாறு. வீட்டுக்குள் வந்த பாம்பை வாலைப் பிடித்து வெளியே எடுத்துப் போனவர். காற்றில் தகரம் பறந்தபோது கூரையில் ஏறி ஆணி அடித்தவர். "உன்ன மிரட்ட பேய் எதுக்கு, உன் நிழலே போதும்லா" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். தைரியசாலி, பயந்தவர் என்று மனிதரில் இரண்டு வகை உண்டு என்றும், நெட்டையும் குட்டையும் போல அது பிறப்பிலேயே அமைந்துவிடுகிறது என்றும் அப்போது நினைத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் தேயிலைக் காட்டில் ஒரே மெஷின் பிடிக்கிறவர்கள். கையால் கொழுந்து கிள்ளுவதை இப்போது சுற்றுலாக்காரர்கள் எடுக்கும் படத்துக்காகத்தான் செய்கிறார்கள். மெஷினில் நீளமான கத்தி, அதன் இரண்டு முனையிலும் கைப்பிடி. ஒரு வரிசைச் செடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று செடிக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஒரே நடையில் போக வேண்டும். பின்னால் ஒரு பெரிய பை உப்பிக்கொண்டே வரும். இன்ஜின் இருக்கும் பக்கம் கனம் அதிகம் என்பதால் அது அவருடையது. சரிவில் அவர் கீழ்ப் பாத்தியில் நடப்பார், நான் மேல் பாத்தியில்.

இதில் ஒரு முறை உண்டு. மெஷினைத் தூக்கும் முன்னால் இன்ஜின் பக்கத்து ஆள் "புடிச்சாச்சா?" என்று கேட்க வேண்டும். எதிர்ப்பக்கத்து ஆள் "புடிச்சாச்சு" என்று சொல்லாமல் தூக்கக் கூடாது. ஒவ்வொரு வரிசை ஆரம்பத்திலும் இதே கேள்வி, இதே பதில். இன்ஜின் பக்கத்து ஆளை மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவர் பிடித்திருப்பார் என்பது பேசாமலே ஒப்புக்கொண்ட விஷயம்.

கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை வைத்திருக்கும் என் தம்பிக்கு இந்த வேலை கேலியாக இருக்கும். மூக்கு அரித்தால்கூட கையை எடுக்க முடியாதாம், இதற்குப் பெயர் அடிமை வேலையாம். தான் சுதந்திரப் பறவை, நினைத்தால் கடையைச் சாத்துவேன் என்பான். பள்ளி விடுமுறை வந்தால் சாப்பிடக்கூட உட்கார நேரமில்லாமல் அவன் ஓடுவதை நானும் பார்த்திருக்கிறேன். சொன்னால் சண்டைக்கு வருவான் என்று விட்டுவிடுவேன்.

எங்கள் காட்டில் ஒரு சரிவின் நடுவே முனீஸ்வரன் கல் ஒன்று இருக்கிறது. வேண்டுதல் உள்ளவர்கள் பக்கத்து மரத்தில் சிவப்புத் துணி கட்டுவார்கள். மரத்தில் இடமில்லாவிட்டால் அருகிலிருக்கும் தேயிலைச் செடியில் கட்டுவார்கள். செடிக்குள் குளவிக் கூட்டைப் பார்த்தால் கட்டுவது வேறு: உரச் சாக்கைக் கிழித்து வெள்ளையாக ஒரு துண்டு. சிவப்பைப் பார்த்தால் கும்பிட வேண்டும், வெள்ளையைப் பார்த்தால் ஒதுங்க வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்து எங்களுக்கு இது வரவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருந்த நேப்பாளி ஆளுக்கு மட்டும் தெரியாது. அவர் ஒரு நாள் மாலை அந்தச் சரிவில் கூடு ஒன்றைப் பார்த்திருக்கிறார். நல்ல மனதோடு தன் பழைய பனியனைக் கிழித்து அந்தச் செடியில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். சிவப்புப் பனியன். உலகத்தில் எல்லோருக்கும் சிவப்பு என்றால் ஆபத்து, எங்களுக்கு மட்டும்தான் சாமி.

மறுநாள் காலை பனி இறங்கி, எதிரே நிற்கும் ஆளின் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. எங்கள் வரிசையின் நடுவில் சிவப்பாக ஏதோ ஆடியது. நான் நின்றேன். நான் நின்றால் மெஷினும் நிற்க வேண்டும். வேண்டுதல் துணி என்றால் புதிதாக இருக்கும், ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கும். இது வெளுத்துப் போய், தையல் பிரிந்து தொங்கியது. பயப்படுகிறவர்கள் எதையும் நன்றாகப் பார்ப்பார்கள், வேறு வழியில்லை.

"ஏங்க, இது சாமி துணி மாதிரி தெரியலையே" என்றேன்.

அவர் மெஷினைச் செடிமேல் இறக்கினார். தொப்பியைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முனி துணிய பாத்துமா பயம்? தூக்குலா" என்றார். அப்புறம் வழக்கம்போல், "புடிச்சாச்சா?"

புடிச்சாச்சு என்றேன். என் பயத்துக்கு நானே என்றைக்கும் மரியாதை கொடுத்ததில்லை, அன்றைக்கு மட்டும் ஏன் கொடுக்கப் போகிறேன்?

கத்தி அந்தச் செடியைத் தொட்டதும் உள்ளிருந்து குளவிகள் கிளம்பின. முதலில் என் கழுத்தில், பிறகு காதுக்குப் பின்னால், பிறகு எங்கே என்று தெரியவில்லை. அவர் கையை விட்டதை என் கை உணர்ந்தது. இன்ஜின் பக்கம் தடாலென்று தாழ்ந்தது. அவர் ஓடினார். ஓடிய வேகத்தில் ஈர மண்ணில் வழுக்கி, கீழ்ப் பாத்தியில் மெஷினுக்கு நேர் கீழே விழுந்தார். கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. நான் விட்டிருந்தால் அது செடிமேல் சறுக்கி அவர் முதுகில்தான் இறங்கியிருக்கும்.

நான் விடவில்லை. எங்கள் வேலையை மேற்பார்க்கும் கங்காணி சத்தம் கேட்டு வந்து, இன்ஜினை அணைத்து, என் தலையில் சாக்கைப் போட்டு இழுத்துக்கொண்டு போகும்வரை விடவில்லை. என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது என்று கங்காணி பின்னால் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண் மூடிப்போய், உதடு வீங்கிப்போய்க் கிடந்தேன். மூச்சு அடைக்கும்போதெல்லாம் இதோ போகப்போகிறேன் என்று நடுங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகும் கொதிக்கும் தண்ணீரின் இரைச்சல் கேட்டால் உடம்பு உதறியது. ஆனால் அந்தப் பயத்துக்கு நான் பழக்கப்பட்டவள். புதிதாக வந்தது இன்னொன்று.

பனியில் யாரும் எதையும் பார்க்கவில்லை. புருஷன் கால் வழுக்கி விழுந்தார், மெஷின் அவர்மேல் விழாமல் பொண்டாட்டி குளவிக் கடியைத் தாங்கிக்கொண்டு பிடித்து நின்றாள், இதுதான் லயம் முழுக்கப் பரவிய கதை. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி இதை எல்லோருக்கும் சொன்னார். பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கோயில் தலைவர் வீட்டுக்கே வந்து, திருவிழாவில் தோட்டத்து மேனேஜர் துரை முன்னிலையில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னார். என் கணவர் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உட்காராமல் வெளியே போய்விட்டார்.

அவர் முதலில் கையை விட்டார், பிறகுதான் விழுந்தார். இது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கேலி நின்றுவிட்டது. சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் பேசாமல் சாப்பிட்டார். நான் வாயைத் திறந்தால், எதைச் சொல்லப் போகிறேனோ என்று என் முகத்தைப் பார்ப்பார். ஒருவர் என்னைப் பார்த்துப் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்கு அது கொஞ்சமும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவரே பேச்சை ஆரம்பித்தார். லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்தில் லோரியில் மூட்டை ஏற்றுகிற வேலை இருக்கிறதாம், அங்கேயே தங்கிக்கொள்ளலாமாம், வாரம் ஒருமுறை வருவாராம். மெஷினுக்கு நீ வேறு ஆளைச் சேர்த்துக்கொள் என்றார்.  வாரம் ஒருமுறை மாதம் ஒருமுறையாகும், அப்புறம் தீபாவளிக்கு வந்து போவார். அப்படிப் போனவர்களை இந்த லயத்தில் நான் பார்த்திருக்கிறேன். இப்போது சொல்லாவிட்டால் இந்த மனிதர் என் கையை விட்டுப் போய்விடுவார் என்று தோன்றியது. பயத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"நான் உங்கள காப்பாத்தலைங்க" என்றேன். "கை தொறக்கல, அவ்ளோதான். தொறந்திருந்தா நானும் ஓடியிருப்பேன்."

அவர் நம்பவில்லை. எனக்காகச் சொல்றியா என்று கேட்டார். முனி கல்மேல் சத்தியம் செய்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓடுனப்போ உன் ஞாபகமே வரல" என்றார். "ஒரு துளிகூட வரல. அதான்லா எனக்கு பயமா இருக்கு."

"எனக்கும் உங்க ஞாபகம் வரல" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வீங்கிய கண்ணோடு நான் இதைச் சொன்ன அழகைப் பார்த்தோ என்னவோ, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான்.

இதை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். ஒரே பயம்தான். அவருக்கு அது காலில் இறங்கியது, எனக்குக் கையில் இறங்கியது. காலில் இறங்கினால் அது கோழைத்தனம், கையில் இறங்கினால் பத்தினித்தனம் என்று ஊர் பெயர் வைக்கிறது. அந்த நேரத்தில் எங்கள் இருவரில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்காத ஒன்றை நல்ல குணம் என்று எப்படிச் சொல்வது? அப்படியென்றால் அவர் ஓடியதையும் கெட்ட குணம் என்று சொல்ல முடியாது. நம்மை நாமே அறிந்து வைத்திருப்பதாக எவ்வளவு நிச்சயமாக நம்பிக்கொண்டு திரிகிறோம். ஒரு கூட்டுக் குளவி போதும், எல்லாம் தலைகீழாகிவிடும். எனக்கு இன்றைக்கும் பயம் தருவது குளவி இல்லை, இதுதான்.

கோயில் தலைவரிடம் போய்ப் பொன்னாடை எனக்கு வேண்டாம் என்றேன். போர்த்தியே ஆக வேண்டும் என்றால் குளவிக் கூட்டத்துக்குள் தெரிந்தே சாக்கோடு வந்த கங்காணிக்குப் போர்த்துங்கள் என்றேன். போர்த்தினார்கள். அவர் அதை மடிக்காமல் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். நேப்பாளி ஆள் வேலை போய்விடும் என்று பயந்து, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வாசலில் வந்து நின்றார். அவர் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். எந்த நிறத்தில் துணி இருந்தாலும் நின்று பார்க்க வேண்டும் என்று இப்போது கங்காணி உத்தரவு.

உடம்பு தேறியதும் தம்பி வந்து கடைக்குக் கூப்பிட்டான். கூரைக்குக் கீழே வேலை, குளவி இல்லை, கத்தி இல்லை. போயிருக்கலாம். போகலாம் என்று தெரிந்த பிறகு அந்தக் கைப்பிடியை நினைத்தால் வேறு மாதிரி இருந்தது. அன்றைக்குப் பிடித்தது என் கை. இனிமேல் பிடித்தால் அது நான். இவ்வளவு சின்ன சுதந்திரத்துக்கு இவ்வளவு நடுக்கம் வேண்டியிருக்கிறது.

என் கணவர் லோரி வேலைக்குப் போகவில்லை, ஆனால் மெஷினுக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. நான் வேலைக்குத் திரும்பிய காலையில் எனக்கு முன்னால் எழுந்து காலணியை மாட்டிக்கொண்டு நின்றார். சேர்ந்து நடந்தோம். எங்களுக்குக் கொடுத்த வரிசையிலிருந்து முனி மரம் தெரிந்தது. பனி அன்றைக்கும் இருந்தது. 

கீழ்ப் பாத்தியிலிருந்து அவர் குரல் வந்தது. "புடிச்சாச்சா?"

"புடிச்சாச்சு" என்றேன். அப்புறம், யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "நீங்க?"

 தொப்பி மட்டும் தெரிந்தது, அது அசையவில்லை. இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வரிசைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

"பயமாத்தான் இருக்கு" என்றார். "புடிச்சிட்டுத்தான் நிக்கிறேன்."

இருவரும் தூக்கினோம்.