லாமாரா டீச்சரின் தேர்வு ஆடு

லாமாராவுக்குக் கோபம் வர யாரும் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்குக் கல்லூரி வாசலில் கால் வைத்தால் போதும், காரணங்கள் அவளுக்காக வரிசையில் நிற்கும். முதல் காரணம் எப்போதும் தெங்கிஸ் என்பவன்தான்.

அலசானி ஆற்றுச் சமவெளியில், கூட்டுப்பண்ணைக் காலத்தில் டிராக்டர்கள் நின்ற நீளமான கொட்டகைதான் இப்போது தொழிற்கல்லூரி. நடுவில் ஒரு செங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் லாமாராவின் கால்நடை மருத்துவத் தொழில்நுட்ப வகுப்பு, எட்டு மாணவர்கள். அந்தப் பக்கம் தெங்கிஸின் வெல்டிங் வகுப்பு, நாற்பத்திரண்டு மாணவர்கள். இவள் இரவல் வாங்கிவந்த கன்றுக்குட்டியின் இதயத் துடிப்பைக் கேளுங்கள் என்று பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிவிடும் நேரம் பார்த்து, அங்கே இரும்பை அறுக்கத் தொடங்குவார்கள். கன்று மிரளும், வாளி உருளும். ஒன்பது வருடமாக இந்தக் கூத்து.

கூட்டுப்பண்ணை மாட்டுக்கொட்டிலில் டாக்டருக்கு உதவியாளாகச் சேர்ந்தபோது லாமாராவுக்குப் பத்தொன்பது வயது. நாடு உடைந்தது, பண்ணையும் உடைந்தது. மாடுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்தார்கள், விற்றார்கள், தின்றார்கள். அவள் சந்தையில் சூரியகாந்தி விதை விற்றாள். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன கணவன் போனவன்தான். அதன்பின் ஏழு வருடம் கிரேக்க நாட்டில், படுக்கையில் கிடந்த ஒரு முன்னாள் கப்பல்காரரைக் குளிப்பாட்டி உடுத்திக் காலம் தள்ளினாள். ஊரில் கல்லூரி திறக்கிறார்கள், மாட்டைத் தொட்டுப் பழகிய ஆள் வேண்டும் என்று செய்தி வந்த மறுவாரமே பெட்டியைக் கட்டிவிட்டாள். இப்போது ஐம்பத்து நான்கு. தனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அந்த ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யவிட மாட்டேன் என்கிறார்களே என்பதுதான் அவளுடைய ஆயுள் எரிச்சல்.

ஊராரைச் சொல்லி என்ன பயன்? மாடு வைத்திருக்கிற ஒவ்வொருவனும் அங்கே பாதி டாக்டர். வயிறு உப்பினால் சாராயம் ஊற்றுவார்கள், கால் வீங்கினாலும் அதே சாராயம்தான், மிச்சத்தைத் தாங்கள் குடிப்பார்கள். மாட்டைப் பார்க்கவா காலேஜ், எங்கப்பன் எந்தக் காலேஜுல படிச்சான் என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். வெல்டிங் படித்தால் போலந்தில் கப்பல் கட்டப் போகலாம். கால்நடை படித்தால் இந்த ஊரில் வசவு கேட்கலாம். எட்டுப் பேர் சேர்ந்ததே பெரிது.

அந்த எட்டுதான் வினையாக வந்து முடிந்தது. மே மாதம் அமைச்சகத்திலிருந்து ஒரு கடிதம். எட்டுப் பேர் படிக்கிற படிப்பு இந்த வட்டாரத்துக்குத் தேவையா என்று மூன்று பேர் நேரில் வந்து பார்த்து எழுதுவார்களாம். மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வும் அவர்கள் முன்னாலேயே நடக்க வேண்டுமாம். தேவையில்லை என்று எழுதிவிட்டால் செப்டம்பரில் கதவு மூடும், கொட்டகை முழுவதும் வெல்டிங்குக்குப் போகும், எட்டுப் பேரும் பாதிப் படிப்போடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்களில் தெக்லே என்ற பெண் ரொட்டிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்து படிப்பவள். அவளை நினைத்தால்தான் லாமாராவுக்குத் தூக்கம் வராது.

தேர்வுக்கென்று கல்லூரியிடம் இருந்தது ஒரே ஒரு செம்மறி. ஆறு வயதுக் கிழட்டுப் பெட்டை. நான்கு வருடப் பிள்ளைகளுக்கு ஊசி போடவும் குளம்பு சீவவும் காய்ச்சல் பார்க்கவும் தன் உடம்பையே பாடமாகக் கொடுத்த ஆடு என்பதால் பிள்ளைகள் அதைப் பேராசிரியை என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டை நிறுத்தி வைக்க ஓர் இரும்புக் கூண்டும் வேண்டும் என்று லாமாரா இரண்டு வருடமாகத் தெங்கிஸின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கான குழாய்களைக்கூட அவளே வாங்கிக் கொடுத்தாள். முதல் தடவை அவன் செய்து தந்த கூண்டில் கன்றுதான் நுழைந்தது. பிரித்து மறுபடி செய்கிறேன் என்று கொண்டுபோனவன், அந்தக் குழாய்களை இறைச்சி சுடும் அடுப்பாக ஒட்டி முற்றத்தில் வைத்துவிட்டான். அதுவும் கல்லூரிக்குத்தானே அக்கா, என்றான்.

குழு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. வியாழக்கிழமை காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். லாமாரா அப்போது கையுறையும் ஊசியும் வாங்க மாவட்டத் தலைநகருக்குப் போயிருந்தாள். கல்லூரி முதல்வர் ஜும்பெருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாட்டின் தலைநகரிலிருந்து மூன்று விருந்தாளிகள், சமையலறையில் வெறும் அவரைக் குழம்பு. அது ஜூன் மாதம், ஊர் ஆடுகள் அத்தனையும் துஷேத்தி மலைக்கு மேய்ச்சலுக்கு ஏறிவிட்டன, காசு கொடுத்தாலும் கிடைக்காது. விருந்தாளிக்கு இறைச்சி வைக்காமல் அனுப்பினான் என்ற பேச்சு அந்த ஊரில் மூன்று தலைமுறைக்கு நிற்கும். ஏதாவது செய்து மானத்தைக் காப்பாற்று என்று முதல்வர் தெங்கிஸைக் கேட்டுக்கொண்டார். தெங்கிஸ் காப்பாற்றினான்.

பன்னிரண்டரை மணிக்கு லாமாரா வேனிலிருந்து இறங்கியபோதே இறைச்சி சுட எரிக்கும் திராட்சைக் கொடியின் வாசனை வந்தது. முதல்வர் ஏதோ கொண்டாடுகிறார் போல என்று நினைத்துக்கொண்டே பட்டிக்குப் போனாள். பட்டி காலி. தெக்லே பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள், கண் சிவந்திருந்தது.

"டீச்சர், வேணாம்னு காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேன். விருந்தாளி விஷயத்துல சின்னப் பிள்ளைங்க பேசக் கூடாதுன்னு தெங்கிஸ் சார் சொல்லிட்டாரு."

தேர்வாளர்களை உபசரிக்கத் தேர்வு ஆட்டையே அறுத்திருக்கிறார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை. லாமாரா தலையில் அடித்துக்கொண்டாள். தெக்லே பதிவேட்டைத் திறந்து விரலை வைத்துக் காட்டிய பிறகு, அடித்துக்கொள்ளவும் கை எழவில்லை. திங்கட்கிழமை, புழுமருந்து ஊசி, போட்டவர் தெக்லே. பக்கத்திலேயே சிவப்பு மையில்: முப்பத்தைந்து நாள் இறைச்சி விலக்கு. அதுவரை அந்த இறைச்சியைத் தின்னக் கூடாது. இன்றைக்கு மூன்றாவது நாள்.

முற்றத்தில் வாதுமை மரத்தடியில் மேசை போட்டிருந்தது. தெங்கிஸ்தான் தமதா, பந்தியை நடத்துகிறவன். கையில் கொம்புக் கோப்பையோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். இவன் வாழ்த்துரை என்றால் ஊரே அஞ்சும். முன்னோரில் தொடங்கி, மண், திராட்சை, தாய்மார், செத்தவர் என்று சுற்றி வருவதற்குள் சோறு ஆறிவிடும். ஒன்பது வருடமாக அந்தப் பேச்சைச் சபித்தவள், அன்று முதன்முறையாக அதற்கு நன்றி சொன்னாள். அவன் இன்னும் செத்தவர்களைத் தாண்டவில்லை. விருந்தாளிகள் மரியாதைக்குக் கையைக் கட்டிக் காத்திருந்தார்கள். இறைச்சி அப்போதுதான் கம்பியிலிருந்து தட்டுக்கு வந்திருந்தது.

அந்த ஒரு கணம் லாமாரா தயங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு துண்டு தின்றால் ஒருவரும் சாகப் போவதில்லை, அது அவளுக்கு நன்றாகவே தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் குழு வயிறு நிறையத் தின்று குடித்து, நல்லபடியாக எழுதிவிட்டுப் போகும். வாயைத் திறந்தால் விருந்தாளியின் தட்டைப் பிடுங்கியவள் என்று பெயர், படிப்புக்கும் அன்றே பாடை. அவளுக்கு வாயை மூடிக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் பின்னால் எட்டுப் பிள்ளைகளும் வந்து நின்றிருந்தார்கள். இந்த எட்டுக் கழுதைகளுக்கும் வருடம் முழுக்க இதைத்தானே தொண்டை கிழியக் கத்தினோம் என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

குழுவின் தலைவி டாக்டர் சியூரி, அறுபது வயதுக்காரி, குட்டை முடி. அவர் முன்னாலிருந்த தட்டை லாமாரா எடுத்துக்கொண்டாள். தெங்கிஸ் வாழ்த்துரையைப் பாதியில் நிறுத்தினான். அவன் வாழ்நாளில் அது நடந்ததே இல்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா. இந்த ஆட்டுக்கு மூணு நாளைக்கு முன்னாடி மருந்து போட்டிருக்கோம். இதைத் தின்னக் கூடாது."

முதல்வர் அவள் காதருகே குனிந்தார். "லாமாரா, காலேஜு மானம் போகுது. ஒரு துண்டுதானே, பேசாம வையுங்க."

"மானம் அப்பவே போயாச்சு சார். வயிறாவது மிஞ்சட்டும்."

மேசையிலிருந்த மற்ற தட்டுகளையும் அவளே எடுத்தாள். தெக்லே பதிவேட்டைக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் விரித்தாள். டாக்டர் சியூரி படித்தார், பக்கத்தைப் புரட்டினார், மறுபடி படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செய்முறைத் தேர்வுக்கு வைத்திருக்கும் ஆட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். லாமாரா கையிலிருந்த தட்டுகளைக் கண்ணால் காட்டினாள்.

எங்கள் வண்டி ஐந்து மணிக்குக் கிளம்பும், என்றார் டாக்டர். அதற்குள் ஒரு விலங்கின்மேல் தேர்வு நடக்காவிட்டால் நடக்கவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ரொட்டியையும் வீட்டுப் பாலாடைக்கட்டியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவர் பேசாமல் சாப்பிடத் தொடங்கினார்.

தெங்கிஸ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு லாமாராவிடம் வந்தான். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தான்.

"அக்கா, எங்க நிஷாவை ஓட்டிட்டு வரட்டுமா?"

"உன் மாடா? அது ஆளைக் கண்டாலே உதைக்குமே."

"உதைக்கும். வேற மாடு எல்லாம் மேய்ச்சல்ல இருக்கு, இதை யாரும் சேர்த்துக்க மாட்டாங்க. அதான் வீட்டுல நிக்குது."

நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு மாட்டை நான்கு பேர் இழுத்து வருவதற்குள் மணி மூன்றாகிவிட்டது. கூண்டு இல்லை. கூண்டாகியிருக்க வேண்டியது புகைந்துகொண்டு முற்றத்தில் நின்றது. வேறு வழியில்லாமல் வெல்டிங் பட்டறையின் இரும்புத் தூணில் கட்டினார்கள். தெங்கிஸின் மாணவர்கள் தோல் கையுறையும் முழங்கை வரை உறையும் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பிடித்தார்கள். வாலைப் பிடித்தவன் உதைக்குப் பயந்து வெல்டிங் முகமூடியையும் மாட்டிக்கொண்டு எதுவும் தெரியாமல் நின்றான். இது தேர்வா திருவிழாவா என்று லாமாராவுக்கு அழுகையே வந்தது. ஆனால் அவளுடைய பிள்ளைகள் கத்தவில்லை, ஓடவில்லை. ஒருத்தி காய்ச்சல் பார்த்தாள். ஒருவன் கழுத்து நரம்பில் ஒரே குத்தில் இரத்தம் எடுத்தான். நிஷா ஒரு தடவை உதைத்தது, அதுவும் தன் முதலாளியின் முழங்காலைப் பார்த்து.

கடைசி முறை தெக்லேயுடையது, பால் சோதனை. நான்கு காம்பிலிருந்தும் நான்கு கிண்ணத்தில் பால் கறந்து, ஊதா மருந்தைக் கலந்து சுற்றினாள். இரண்டு கிண்ணம் தண்ணீராக ஓடியது. இரண்டு கிண்ணம் வடித்த கஞ்சியைப் போலக் கொழகொழவென்று திரண்டது. திரண்டால் மடிநோய். தெக்லே நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். அவள் பார்வையில் கேள்வி இல்லை, பயம் இருந்தது. லாமாரா தெங்கிஸைத் தனியே அழைத்து, மேசையில் வைத்த பாலாடைக்கட்டி யார் வீட்டுக் கட்டி என்று கேட்டாள்.

"நம்ம வீட்டுதுதான். எதெரி காலையில புதுசாச் செஞ்சு குடுத்தா." மனைவியின் பெயரைச் சொல்லும்போது அவனுக்குப் பெருமைகூட இருந்தது. "ஏன் அக்கா?"

இன்னொரு தட்டைப் பிடுங்க இனி லாமாராவுக்குத் தெம்பில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த தெக்லேதான் போனாள். தேர்வு முடிந்து மறுபடி மேசைக்குத் திரும்பியிருந்த டாக்டர் சியூரி எதிரே நின்று, குரல் நடுங்க, ஆனால் விடாமல் சொன்னாள்.

"மாட்டுக்கு ரெண்டு காம்புல மடிநோய் இருக்கும்மா. அந்தப் பாலைக் கீழ ஊத்தணும். இந்தப் பாலாடைக்கட்டி அந்தப் பாலுல செஞ்சதுதான். தயவுசெஞ்சு நீங்க..."

டாக்டர் வாயில் ஏற்கனவே ஒரு துண்டு இருந்தது. கைக்குட்டையை எடுத்து மெதுவாக அதில் துப்பி மடித்தார். கூட வந்த இருவரும் துப்பினார்கள். முதல்வர் ஜும்பெர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மேசையில் மிஞ்சியது தக்காளியும் ரொட்டியும்தான். எல்லாம் முடிந்தது என்று லாமாரா முடிவு கட்டிவிட்டாள். கோபப்படக்கூட மனமில்லாமல் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வருடத்தில் கோபம் அவளைக் கைவிட்டது அன்று ஒரு நாள்தான்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் சியூரி படிவத்தோடு அவளிடம் வந்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். லாமாரா படிக்காமலே போடப் போனாள், டாக்டர் விடவில்லை, படிக்க வேண்டும் என்றார். இந்த வட்டாரத்துக்கு இந்தப் படிப்பு தேவையா என்ற கட்டத்தில் அவர் கையால் எழுதியிருந்தது: மிக அவசரமாகத் தேவை. அதற்குக் கீழே, மாணவர் இடங்கள் எட்டு என்பதை அடித்து இருபது என்று திருத்தியிருந்தார்.

"காலையில இருந்து பார்த்துட்டேன்," என்றார் டாக்டர். "இந்த ஊருக்கு எட்டுப் பேர் எப்படிம்மா போதும்?"

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பிள்ளைகள் தெக்லேயைத் தூக்கிச் சுற்றினார்கள். லாமாரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெங்கிஸ் நொண்டிக்கொண்டே வந்து, இந்தச் சந்தோஷத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தி வைத்தே ஆக வேண்டும், மலையில் தன் மச்சானிடம் ஓர் ஆடு இருக்கிறது என்றான்.

"ஓட்டிட்டு வா," என்றாள் லாமாரா. "உயிரோட. பட்டிச் சாவி என்கிட்ட இருக்கும்."