ஃபீட்ஸ் பிறந்த பட்டறை

பேரெண்ட் வெஸ்ஸலிங்குக்குச் சொத்து என்று இருந்தது ஒரு சொல்தான். ஃபீட்ஸ். நெதர்லாந்தில் சைக்கிளுக்கு அதுதான் பெயர். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்றுதான் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். விரைந்து ஓடுவதைக் குறித்த வட்டாரச் சொல் என்பார் ஒருவர். குதிரைக்குப் பதில் என்று ஜெர்மன்காரன் வைத்த பெயர் என்பார் இன்னொருவர். பேரெண்டுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது.

"எங்க தாத்தா கிராடஸ் இந்தப் பட்டறையில வச்ச பேரு. எல்லை தாண்டி எவனும் வந்து குடுக்கல" என்பான்.

பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும். எதிரே தலையாட்டிய ஊர் முதுகுக்குப் பின்னால் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அந்த வசந்தத்தில் மதுக்கடை லுப்பெர்ட் சேதி கொண்டுவந்தான். தலைநகரிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறாராம். தாத்தா சொன்னது உண்மை என்று கண்டுபிடித்துவிட்டாராம். பட்டறைச் சுவரில் கிராடஸின் பெயரில் பலகை திறப்பாராம். பேரெண்ட் இருந்த பூரிப்பில் தேதியைக்கூடப் பார்க்கவில்லை. சவரம் செய்து, கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

கறுப்பு அங்கி அணிந்த தாடிக்காரர் திரையை விலக்கிப் பலகையை உரக்கப் படித்தார். பேரெண்ட் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தேம்பி அழுதான்.

"தாத்தா, கேட்டீங்களா? ஒங்க பேரு இனிமே அழியாது!"

பேராசிரியர் தாடியை இழுத்தார், கையோடு வந்துவிட்டது. அடுத்த ஊர்க் கசாப்புக்காரன்! கூட்டம் கைதட்டி, ஏமாந்தவனைக் கேலி செய்யும் பாட்டைப் பாடியது: "ஏப்ரல் ஒண்ணு! பின்னால தவளை ஒண்ணு!" பாதிரியார்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாவிகள், அழுத முகம் துடைக்கும்வரையாவது பொறுத்திருக்கலாம்.

பேரெண்ட் மனைவியைத் தேடினான். வீட்டுக்குக் கூட்டிப்போவாள் என்று நினைத்தான். டீனா முன்வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா, டீனா?"

"தெரியாம என்ன? அந்த அங்கிய வேற யாரு தச்சா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரே கதை. எனக்குக் காது புளிச்சுப்போச்சு, பேரெண்ட். இன்னிக்காவது சிரிச்சுக்கிறேனே."

ஏப்ரல் முதல் தேதி ஏமாந்தவன் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் சாகும்வரை அதையே சொல்லிக் குத்துவார்கள். பேரெண்டும் சிரித்தான். லுப்பெர்ட் கடையில் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தான். டீனாவுக்கும்தான்.

மறுநாள் சக்கரம் கோணிப்போன வண்டியோடு, முன்பே அங்கே கதை கேட்டிருந்த ஒரு வெளியூர்க்காரன் வந்தான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

"என்ன அண்ணே, இன்னிக்குத் தாத்தா கதை இல்லையா?"

"அந்தக் கெழவன் வாயத் தொறந்தாலே பொய்தான்" என்று சொல்லிவிட்டு பேரெண்ட் ஸ்பேனரைத் தேடினான்.