ஹம்பிக்குப் போகாத அண்ணி

அண்ணியின் கட்டிலுக்கு அடியில் ஒரு நீல நிற ரெக்சின் பை இருந்தது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், அறையைக் கூட்டும்போது என் விளக்குமாற்றில் அது தட்டுப்பட்டது. யாரும் இல்லாத தைரியத்தில் ஜிப்பைத் திறந்தேன். இரண்டு சுடிதார், ஒரு துண்டு, உறை பிரிக்காத டூத் பிரஷ், சோப்பு டப்பா, ஒரு சின்ன டார்ச், பிளாஸ்டிக் கவரில் வாக்காளர் அட்டையின் நகல். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகத் தயாராக வைத்திருக்கிறாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. மாலையில் அவர் வந்ததும் கேட்டேவிட்டேன். அண்ணி சிரித்தார். "அய்ய, அதெல்லாம் இல்ல பாப்பா. யாராவது திடீர்னு கெளம்பலாமான்னு கேட்டா, துணி எடுத்து வெக்கிறேன்னு நின்னுகிட்டு இருக்கக் கூடாது பாரு. அதுக்கு." எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கக்கூடியவர் ஒருவரும் இல்லை என்பது அந்த மூன்று மாதத்தில் அவருக்கு இன்னும் புரிந்திருக்கவில்லை.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அண்ணிக்கு வேலை சிதம்பரத்தில், ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். தினமும் பஸ்ஸில் போய் வருவார். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். குடும்ப பாஸில் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு ஊர் என்று கூட்டிப்போயிருக்கிறார். பத்து வயதுக்குள் ஆக்ராவையும் ஜெய்ப்பூரையும் பார்த்துவிட்ட பெண், கல்யாணத்துக்குப் பிறகு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஆயுளைக் கழிக்க வந்து சேர்ந்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தையும் அவர் வீணாக்கியதில்லை. ஜன்னல் சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஆலப்பாக்கம் தாண்டி வரும் சவுக்குத் தோப்பு எந்த மாதம் வெட்டப்பட்டது, வெள்ளாற்றில் எந்த வாரம் தண்ணீர் ஏறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே எனக்குச் சொல்வார். ஒருநாள் சொன்னார்: "நல்லா இருக்கறதுன்னா என்ன தெரியுமா பாப்பா? காலையில முழிச்சா, எந்த ஊர்ல இருக்கோம்னு ஒரு நிமிஷம் தெரியக் கூடாது. அப்புறமா ஞாபகம் வரணும். அந்த ஒரு நிமிஷம்தான்."

அம்மாவைப் பொறுத்தவரை பெண்கள் நான்கு காரியத்துக்குப் பயணம் போகலாம். கோயில், கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி. அண்ணிக்குக் குழந்தை இல்லாததால் ஆஸ்பத்திரி தாராளமாகவே கிடைத்தது. மாதம் ஒருமுறை பாண்டிச்சேரி. துணைக்கு நான். பரிசோதனை முடிந்து சோர்ந்துபோய் வெளியே வருவார். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கறுப்புப் பாறைகளைப் பார்த்தபடி கால் மணி நேரம் உட்கார வைப்பார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "கெடக்கு விடு, அங்க பாரு, அந்தப் பொண்ணு தனியா சைக்கிள்ல எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துருக்கு" என்று எவளோ ஒரு வெளிநாட்டுக்காரியைக் காட்டுவார். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பாண்டிச்சேரியைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை.

கல்யாணமாகி ஐந்தாவது வருடம் ஒருவர் அவரைக் கேட்டார். கல்லூரியில் வேதியியல் மேடம். இன்னும் மூன்று பெண்களோடு ஹம்பிக்குப் போகிறார்கள், ஐந்து நாள், வருகிறீர்களா என்று. அண்ணன் சம்மதிக்கமாட்டார் என்று தெரிந்து, சென்னையில் ஆய்வகப் பயிற்சி, காலேஜிலேயே அனுப்புகிறார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். தன் போனில் கல் ரதத்தையும், ஆற்றில் வட்டமாக மிதந்த பரிசலையும் காட்டினார். "பாறைதான் பாப்பா, ஊரு பூரா பாறை. எனக்கு அதுல ஒண்ணு மேல ஏறி சும்மா ஒக்காரணும்."

அவர் கிளம்பிய அன்று காலை குறிஞ்சிப்பாடியிலிருந்து தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். "வீட்டு மருமவ இல்லாம எப்படி? அந்த ட்ரெய்னிங்க அப்புறமா வெச்சுக்கச் சொல்லு" என்று அம்மா அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "ட்ரெய்னிங் இல்ல, அண்ணி காலேஜ் மேடத்தோட ஹம்பிக்குப் போறாங்க" என்றேன்.

என் சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் சொன்னதாகப் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நீலப் பையில் என் துணி ஒன்றுகூட இல்லை. அதனால்தான் சொன்னேன்.

அண்ணன் கத்தவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு, "நீயும் வா. பொம்பளைங்க நடுவுல நான் என்னன்னு பேசறது" என்றார். சிதம்பரம் ரயில் நிலையத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது ரயில் வர ஐந்து நிமிடம்தான் இருந்தது. நடைமேடை பெஞ்சில் ஐந்து பெண்கள் உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அண்ணி என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டிருந்தார். அவரை நான் ஷூவில் பார்த்ததே இல்லை.

"அம்மாவுக்கு ஒடம்பு முடியல. கெளம்பு" என்றார் அண்ணன்.

அண்ணி பதறி எழுந்து என் பக்கம் திரும்பினார். "அத்தைக்கு என்ன பாப்பா?"

நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வேதியியல் மேடம் எழுந்து வந்து கையைப் பிடித்து, "பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். அண்ணி தலையை ஆட்டினார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னால் ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பைக்கில் மூன்று பேர் போக முடியாது. அண்ணன் முன்னால் போய்விட்டார்; நானும் அண்ணியும் பஸ்ஸில் வந்தோம். ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. "நீ ஒக்காரு" என்று எனக்கு விட்டுவிட்டார். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோதுகூட வெளியே பார்க்கவில்லை. கடலூர் நெருங்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நீ கேட்டிருந்தா உன்னையும் கூட்டிகிட்டுப் போயிருப்பேன்."

வீட்டில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஒடம்பு எப்படி இருக்கு அத்த?" என்று அண்ணி கேட்டார். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அம்மா. அடி இல்லை, திட்டு இல்லை. அடுத்த மாதம் வேலையை விடச் சொன்னார்கள், விட்டார். அந்த நீலப் பை அம்மாவின் ஆஸ்பத்திரிப் பை ஆனது. குறிஞ்சிப்பாடிக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள், பதில் சொல்லவில்லை. அதன்பின் வந்தவர்களும் அப்படியே. நான் தேர்வு எழுதி புவனகிரியில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்து, அதே வீட்டின் மாடியில் தனியாகத் தங்கிவிட்டேன்.

அண்ணி சமைத்தார், துவைத்தார், படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். என்னோடும் பேசினார்: சாப்பிட்டியா, மழை வருது, துணி எடு. அதற்கு மேல் ஒரு சொல் வராது. மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை அடுப்படி வரை போயிருக்கிறேன். "என்ன, டீ வேணுமா?" என்பார். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அம்மா போன மறு வருடம், அலுவலகத்தில் இருந்தபோது வேதியியல் மேடத்திடமிருந்து போன் வந்தது. "உங்க அண்ணி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துருக்காங்க. காலையிலயும் பாத்தேன், இப்பவும் அதே எடத்துல இருக்காங்க." பதறிக்கொண்டு போனேன். சீர்காழி, மாயவரம், காட்டுமன்னார்கோயில் என்று கண்டக்டர்கள் கூவிக்கொண்டிருந்த இரைச்சலுக்கு நடுவே, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க போகணும் அண்ணி?"

"எங்கியும் இல்ல. போறவங்கள பாத்துகிட்டு இருக்கேன்."

அதுபோல மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறை எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "இவ்ளோ பஸ் நிக்குதே, ஏதாவது ஒண்ணுல ஏறித் தொலைங்களேன்! யாரு பிடிக்கப்போறாங்க?" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். அண்ணி என்னை நிதானமாகப் பார்த்தார். "ஏறலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வரேன். கால் போவல பாப்பா." டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார்கள். அதன்பின் பஸ் ஸ்டாண்டுக்குப் போவது நின்றுவிட்டது. பகலெல்லாம் தூங்கினார். குணமாகிவிட்டது என்றார் அண்ணன்.

இந்த வருடம் பொறுக்க முடியாமல் நானே இரண்டு டிக்கெட் எடுத்தேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து விழுப்புரம் போய், அங்கே வண்டி மாறி, ஹம்பிக்கு. எடுத்த பிறகுதான் அண்ணனிடம் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். ஓய்வு பெற்று, சர்க்கரையால் காலில் ஆறாத புண்ணோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "போயிட்டு வாங்களேன். யாரு வேணான்னா?"

நக்கல் இல்லை, கோபம் இல்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

அடுப்படி வாசலில் அண்ணி முருங்கைக்கீரைத் தட்டோடு நின்றிருந்தார். ஒரு காம்பைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் உருவாமலே நின்றார். நான் கிட்டே போனேன். "கேட்டியா பாப்பா?" என்றார் மெதுவாக. "யாரு வேணான்னாங்கறாரு. அப்ப நான் இத்தன வருஷம் எதுக்கு வீட்ல இருந்தேன்?"

நான் கீரைத் தட்டை வாங்கி மேடையில் வைத்தேன்.

கிளம்பும் நாள் காலையில் கீழே இறங்கி வந்தபோது, புளிசாதம் கட்டி மேடையில் வைத்திருந்தார். ஒரு பொட்டலம்தான். "அண்ணி, உங்களுக்கு?" என்றேன், தெரிந்துகொண்டே. "அவருக்குக் கட்டு மாத்தணும். நீ போ" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று நான் காட்டிக்கொடுத்தது தப்பு என்று, இத்தனை வருடம் சொல்லாமல் விட்டதை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. "தெரியும்" என்றார். பிறகு, "போயிட்டு வா. நல்லா சுத்திப் பாரு. ஆனா வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்லாத. போட்டோவும் காட்டாத" என்றார்.

விழுப்புரத்தில் வண்டி மாறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும் டி.டி.ஆர். வந்தார். பட்டியலில் இரண்டு பெயரையும் பேனாவால் தட்டிவிட்டு, பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"இவுங்க எங்கம்மா? அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாங்களா?"

"இல்ல சார்" என்றேன். "அவுங்க வரமாட்டாங்க."

அவர் அந்தப் பெயரை அடித்துவிட்டு, கதவோரம் நின்றிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்காரச் சொன்னார்.