ஆடி மாசத்தில் மாட்டாத சோக்கு

பெத்தணன் என்ற பெயரை வீரலட்சுமி முதன்முதலாகக் கேட்டது இருட்டுக்குள்ளே. விஸ்வநத்தம் ரோட்டிலுள்ள ஒரு பிரஸ்ஸில், காலண்டர் தாளின் மேல்விளிம்பில் தகரப்பட்டை அடிக்கிற வேலைக்கு அவள் சேர்ந்த புதுசு. பட்டப்பகலிலும் விளக்கில்லாமல் கண் தெரியாத ஷெட் அது. திடீரென்று கரண்டு போய் மெஷினெல்லாம் நின்றதும், "ஏய், பெத்தணனைக் கூப்பிடுங்கப்பா!" என்று ஷெட்டே கத்தியது. யாரோ பெரிய ஆள் வரப்போகிறார் என்று பார்த்தால், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஒரு ஒல்லிப்பிச்சான் வந்து நின்றான்.

ஆனைக்குட்டத்துக்காரன். விசாரித்தால் வீரலட்சுமியின் சித்தப்பாவுக்குப் பெரியம்மா மகளைக் கட்டின வீட்டில் கொழுந்தன்காரன். முறை சரியாக வந்தது. அவள் அம்மா தங்கத்தாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாப்பிள்ளை மருந்து தொடுவாரா?"

மூத்தவள் முத்துச்செல்வியை எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆபீஸில் பறிகொடுத்த வீடு அது. துணியில் சுற்றித்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை. மாப்பிள்ளை கரண்டு வேலை, வெடிமருந்து வாசமே கிடையாது என்று சொன்ன பிறகுதான் தங்கத்தாய் வெற்றிலை மாற்றினாள். வீரலட்சுமிக்கும் அந்த ஒரு நிம்மதி போதும். புருசன் காலையில் போனால் சாயங்காலம் முழுசாக வருவான்.

பிரஸ் முதலாளி சங்கரபாண்டியன். எல்லாருக்கும் அண்ணாச்சி. கரண்டு மிச்சமாகும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்று மெஷின் மோட்டார்களுக்கெல்லாம் இன்வெர்ட்டர் வைத்தார். வேகம் வந்தது. கூடவே வினையும் வந்தது. டியூப்லைட்டு கண்ணடித்தது. ஒயர் சுட்டது. சுவரோரம் பீரோ மாதிரி நிற்கிற பேனலுக்குள் ஈபி விதிப்படி வைத்திருந்த கெபாசிட்டர்கள் இட்லி மாதிரி உப்பின. பெத்தணன் என்ன செய்தான், உப்பினதைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிசாக வாங்கி மாட்டினான். அதுவும் உப்பியது.

மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பெரிசாக மாட்டினதுதான் தப்பு, அது சூட்டை இன்னும் கூட்டும் என்றார். ஒவ்வொரு இன்வெர்ட்டருக்கும் முன்னால் ஒரு லைன் ரியாக்டர் போடச் சொன்னார். இரும்புத் தகட்டில் செப்புக் கம்பி சுற்றின கனத்த சாமான். பிரஸ்ஸில் எல்லாரும் அதைச் சோக்கு என்றார்கள்.

"அது என்னத்துக்குங்க?" என்று வீரலட்சுமி கேட்டாள்.

பெத்தணன் சோற்றில் கை வைத்தபடி சொன்னான். "நீ அவசரத்துல மடக்கு மடக்குன்னு தண்ணி குடிச்சா புரையேறும்ல? இன்வெர்ட்டர் அப்படித்தான் கரண்டைக் குடிக்கி. புரையேறுறது மட்டும் அதுக்கில்ல, அதே லைன்ல இருக்க மத்த சாமானுக்கு. சோக்கு குறுக்க நின்னு, ஏலே, மெதுவாக் குடின்னு பிடிச்சு வைக்கும்."

"வாங்கி மாட்டிட்டுப் போக வேண்டியதுதான?"

"வாங்கியாச்சு. கோயம்புத்தூர்ல இருந்து வந்து இறங்கிருச்சு. இன்னைக்கு ஆடி ஒண்ணாந் தேதி."

அவளும் தலையாட்டிவிட்டு மோரை ஊற்றினாள். ஆடியில் ஒரு விளக்குமாறுகூடப் புதுசாக வாங்காத வீடு அவளுடையது.

மறுநாள் தகரம் அடிக்கிற பெண்கள் காதுபடவே பெத்தணன் முதலாளியிடம் கேட்டான்.

"அண்ணாச்சி, அரை நாள் கரண்டை நிறுத்துனா மாட்டிருவேன்."

"ஏலே பெத்தணா, நீ இந்த ஊருலதான பொறந்த? ஆடியில எவனாச்சும் புதுச் சாமான ஓட விடுவானா? பதினெட்டாம் பெருக்கு வரட்டும். அடுத்த வருசக் காலண்டர் மாதிரி ஆல்பத்துக்குப் பூசை போடுறப்ப இதுக்கும் சூடத்தைக் காட்டிருவோம்."

"பேனல் தாங்காது அண்ணாச்சி. கதவுல கை வைக்க முடியல. அதுவரைக்கும் கெபாசிட்டரையாச்சும் கழட்டி வச்சிருதேன்."

"கழட்டுனா ஈபிக்காரன் அபராதம் போடுவான். உன் மாமியா வந்து கட்டுவாகளா?"

ஷெட்டே சிரித்தது. பெத்தணனும் சிரித்தான். வீரலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வீட்டுக்கு நடக்கையில், "அந்தப் பீரோவைத் தெறக்காதீக" என்றாள். "தெறக்காம எப்படித்தா பாக்கது?" என்றான்.

அட்டைப் பெட்டி பிரிக்காமல் சோக்குகள் ஆபீஸ் ரூமில் கிடந்தன. வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

ஆடி இரண்டாம் வெள்ளி. பிரஸ் வாசலில் கூழ் ஊற்றினார்கள். வீரலட்சுமி ஒரு சொம்பில் வாங்கிக்கொண்டு பேனல் பக்கம் நின்ற பெத்தணனிடம் போனாள். கருகல் வாடை அடித்தது.

"அங்கன வச்சிரு, வந்துருதேன். நீ போ" என்றான். அவள் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

அவன் பேனல் கதவைத் திறந்தான். சத்தம் வந்தது.

பட்டாசு ஆபீஸ் நிறைந்த இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சத்தம் கேட்டால் யோசனை கிடையாது. கால்தான் முதலில் கேட்கும். மொத்த ஷெட்டும் வெளியே ஓடியது. கேட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பொட்டல் காட்டில் போய் நின்றது. வீரலட்சுமியும் ஓடினாள். அடுத்த சத்தம் வரும், அதற்கு முன்னால் யாரும் உள்ளே போகக்கூடாது என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறந்ததிலிருந்து பழகின பழக்கம். அடுத்த சத்தம் வரவே இல்லை.

"எத்தா, இங்க ஏது மருந்து?" என்று பக்கத்தில் நின்ற அழகுமீனா கேட்டபோதுதான் வீரலட்சுமிக்கு உறைத்தது. இது பிரஸ். இங்கே மருந்து கிடையாது. அடுத்த சத்தமும் கிடையாது. உள்ளே அவர் மட்டும் இருக்கிறார்.

அவள் திரும்பி ஓடினாள். வெடித்த கெபாசிட்டரின் புகைக்குள் பெத்தணன் சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தான். முகத்தை மூடின கையில் தோல் வழண்டு தொங்கியது. மெயினை அவனே அணைத்திருந்தான். கண் தெரியாமல் தடவித் தடவி அணைத்திருக்கிறான். "யாரது? யாராச்சும் இருக்கீகளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"நான்தாங்க."

"எங்க போயிட்ட?"

அவள் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் வலது கண்ணை எடுத்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிவிட்டன. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, கட்டில் பக்கம் நிற்க முடியாமல் வராந்தாவில் போய் அழுதார். நல்ல மனுசன்தான்.

பதினெட்டாம் பெருக்கன்று ஆல்பம் பூசை நடந்தது. நல்லசிவம் என்று வேறொரு எலக்ட்ரீசியன் வந்து சோக்குகளைப் பூட்டினான். புதுக் கெபாசிட்டர் மாட்டி ஓட்டினார்கள். லேசாக ஒரு உறுமல், அவ்வளவுதான். சாயங்காலம் பேனல் கதவில் கை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருந்ததாம். அழகுமீனா வந்து சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீரலட்சுமி இப்போதும் அதே பிரஸ்ஸில்தான் தகரம் அடிக்கிறாள். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பெத்தணன் விருதுநகரில் அவனுடைய அக்காள் பத்திரகாளி வீட்டில் இருக்கிறான்.