கடலில் எழுபது மீற்றர் உயரம்

கனடாவிலிருந்து தங்கை அனுப்பிய ஸ்மார்ட் வாட்சுக்கு அழகான பட்டியொன்று வாங்கிப் போட்டிருந்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

நானும் மச்சான் அன்ரனும் யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து கடற்றொழிலுக்குப் போகிறவர்கள். அன்று வலை இழுத்துக் களைத்துத் திரும்பும்போது மழை இறங்கிக் கரையை மறைத்துவிட்டது. வாட்சின் திசைகாட்டியைப் பார்த்து, கரை இருக்கும் வடக்கே படகை ஓட்டினேன்.

“காத்து மாறி அடிக்குது. நாங்கள் கரையை விட்டு வெளியாலை போறம்போலை கிடக்கு,” என்றான் அன்ரன்.

“கதைக்காமல் இரு. இது பிழைக்காது,” என்றேன்.

அதே திரையில் உயரம் எழுபது மீற்றர் என்றிருந்தது. கடலில் நிற்கும் எங்களுக்கு! திசையும் பிழையோ என்று உடனே எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டேன். மழை விட்டதும் பார்த்தால், கரை எங்கள் முதுகுக்குப் பின்னால்.

கரை சேர்ந்து கொண்டுபோய்க் கொடுத்ததும், வாட்ச் திருத்துபவர் பட்டியைக் கழற்றினார். “இந்தக் கொளுக்கி காந்தம், அண்ணை. திசை பிழைக்காமல் என்ன செய்யும்? உயரத்தையும் நீங்கள் ஒருக்காலும் சரிப்படுத்தேல்லை.”

இப்போது சாதாரண ரப்பர் பட்டிதான். படகேறுமுன் கையை எட்டு வடிவில் சுழற்றித் திசையைச் சரிபார்த்து, உயரத்தைப் பூச்சியமாக்குகிறேன். தினமும் அலுப்பான வேலை. கடலில் நிற்கிறோம் என்பதைக்கூட அதற்கு நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது.